ஒண்ணு போதும்னு பேசி முடிச்சாங்க

என்ற பையனுக்கு எங்க வளவுல வெளையாட ஆளே இல்லைங்க.

திருச்செங்கோட்டுல இருந்து டவுன் பஸ்ஸுல வந்து எறங்கி, மண்ணு ரோட்டுல ஒரு மைல் நடந்தா எங்க வளவு. மொத்தம் பதினாலு ஊடு. ஒவ்வொரு ஊட்டுலயும் வயசானவிங்க ரெண்டு பேரு இருப்பாங்க, இல்லாட்டி ஒருத்தரு மட்டும் இருப்பாங்க. அவிங்க பெத்ததெல்லாம் ஒவ்வொண்ணுதான். அதுவும் படிச்சுப்போட்டு பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போயிருச்சு. மாரியம்மன் நோம்பிக்கு வந்தா உண்டு. பதினாலு ஊட்டுக்கும் சேத்து கொழந்தைன்னு பாத்தா என்ற பையன் ஒருத்தன்தான்.

அதனால அவன் பேச்சே பெரியவிங்க பேச்சாப் போச்சு. காத்தால எந்திரிச்சு ஊடு ஊடாப் போவான். "ஏனுங் தாத்தா, சுகர் மாத்தர போட்டாச்சுங்களா?"ம்பான். செருப்பு எடுக்கக் குனிஞ்சான்னா "அப்பப்பா, இடுப்பு புடிச்சுக்கிச்சு"ன்னு சொல்லிட்டுத்தான் நிமிருவான். நாலு வயசுல எந்தக் கொழந்தைக்கு இடுப்பு புடிக்குது? நாங்க சிரிப்போம். அவனும் எதுக்குச் சிரிக்கறோம்னு தெரியாமச் சிரிப்பான்.

ஒரு நாளு டிவியில காட்டுனாங்க. ஜப்பான்ல கொழந்தைக பொறக்கறதே கொறஞ்சு போச்சாம், எங்க பாத்தாலும் வயசானவிங்களாம், பள்ளிக்கூடமெல்லாம் மூடிட்டாங்களாம். என்ற மாமனாரு முறுக்கு கடிச்சுக்கிட்டே பாத்துட்டு, "அவனுக கேமராவத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் எதுக்குப் போனானுக, இங்க வந்திருந்தா ஒரு காப்பியாவது குடுத்திருப்பேன்"னாரு. அன்னைக்கு அது எனக்கு நல்ல தமாசாத்தான் தெரிஞ்சுது.

பக்கத்தூரு பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்புல இவனோட சேத்து மூணு பேரு. டீச்சர் எங்கூட்டுக்கு வந்து, "ஏம்மா, அடுத்தது எப்ப? நீங்கெல்லாம் இப்படி ஒண்ணோட நிறுத்தினா எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துரும்"பாங்க. நான் "பாக்கலாங்க டீச்சர்"ம்பேன். வெக்கமா இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள ஆசைதான். பையனுக்கு மூணு வயசு ஆனதுல இருந்து நானும் எங்கூட்டுக்காரர்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவரு ரிக் லாரியில வேல. போர் போட மத்தியப் பிரதேசம் அந்தப் பக்கம் போனாருன்னா நாலு மாசம், அஞ்சு மாசம் ஆவும் திரும்பி வர. வந்தப்பக் கேட்டாலும் சரி, போன்ல கேட்டாலும் சரி, ஒரே பதில்தான். "பாக்கலாம் அம்மிணி."

ரெண்டு வருசம் பாக்கலாம் பாக்கலாம்னே போச்சு.

போன ஐப்பசியில பையனுக்குக் காச்சல் வந்துச்சு. மொத நாளு சாதாக் காச்சல்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. மூணாம் நாளு ரத்தத்துல அணு கொறஞ்சு போச்சு, சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. போனோம். அஞ்சாம் நாளு காத்தால அவன் இல்லைங்க. டெங்குன்னாங்க. இதுக்கு மேல அதப் பத்தி எழுத எனக்குக் கை வரல.

அவிங்கப்பா வண்டி புடிச்சு, ரயிலு புடிச்சு வரதுக்குள்ள மறுநாளு மத்தியானம் ஆயிருச்சு. அதுவரைக்கும் கொழந்தைய வெக்கக் கூடாதுன்னாங்க. மாமனாருதான் ரெண்டு கையிலயும் ஏந்திட்டுக் காட்டுக்குப் போனாரு. குழி தோண்டறதுக்கு எங்க வளவுல தெம்பா மம்முட்டி புடிக்க ஒரு ஆளு இல்ல. பக்கத்துக் கோழிப் பண்ணையில வடக்கத்திப் பசங்க வேல செய்யறாங்க. அதுல ரெண்டு பேரு வந்து தோண்டுனாங்க. ஒருத்தன் அழுதுட்டே தோண்டுனானாம். அவன் பாஷை ஆருக்கும் தெரியல, என்னன்னு கேக்கவும் முடியல.

இப்பச் சொல்றதக் கேட்டு என்னை என்ன நெனப்பீங்களோ தெரியல. பையன் போயி ஒரு மாசங்கூட ஆவல, எனக்கு இன்னொண்ணு வேணும்னு தோண ஆரம்பிச்சிருச்சு. வெக்கங்கெட்டவளேன்னு என்னையே திட்டிக்குவேன். ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது. சோத்தப் பெசஞ்சா தன்னால சின்ன உருண்டையாப் புடிக்குது. புடிச்சு வெச்சுட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்.

அப்பத்தான் வளையத்தப் பத்தி நெனப்பு வந்துச்சு.

பையன் பொறந்தது ஆபரேசன்ல. மூணாம் நாளு எங்கம்மா எனக்குக் கஞ்சி ஊத்திக் குடுத்துக்கிட்டே சொல்லுச்சு. "சாமி, உள்ள ஒரு வளையம் வெச்சு உட்டிருக்காங்க. இப்போதைக்குக் கொழந்தை நிக்காது. எப்ப வேணுமோ அப்ப எடுத்துக்கலாம்." நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, அதுக்கப்பறம் மில்லு. எங்கம்மா சொன்னா எனக்கு அது போதும். அஞ்சு வருசம் அந்த வளையத்த நான் நம்பிட்டு இருந்தேன். ஒரு தடவ வயிறு வலிச்சப்பக்கூட வளையந்தான் குத்துதுன்னு நெனச்சேன்.

பீரோவுல இருந்த ஆஸ்பத்திரிக் காயிதமிருந்த பைலை எடுத்துக் கூடையில வெச்சுக்கிட்டு, ஆருகிட்டயும் சொல்லாம கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்க. நல்ல மாதிரி.

"என்னம்மா?"

"வளையம் எடுக்கோணுங்க."

பைலப் பிரிச்சுப் படிச்சாங்க. திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "ஆரும்மா உனக்கு வளையம்னு சொன்னது?"

"எங்கம்மாங்க."

"இதுல வளையமெல்லாம் ஒண்ணும் இல்லையே. கொழந்தை பொறக்கறப்பவே உனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணிட்டாங்களே. கொழாய வெட்டிக் கட்டியிருக்குது."

"அப்படி இருக்காதுங்க. வேற ஆரு பைலாச்சும் மாறியிருக்கும்."

அவங்க ஒரு காயிதத்த என் பக்கம் திருப்புனாங்க. கீழ என்ற கையெழுத்து. வலி வந்து படுத்திருக்கறப்ப ஆபரேசனுக்குப் போடுன்னு நீட்டுனாங்க, போட்டேன். அதுக்குக் கீழ எங்கூட்டுக்காரரு கையெழுத்து. அதுக்குப் பக்கத்துல கட்டை வெரலு ரேகை. எங்கம்மாவோடது. அதுக்குத்தான் எழுதத் தெரியாது.

சிஸ்டர் தண்ணி குடுத்தாங்க. "எத்தன கொழந்தைம்மா உனக்கு?"ன்னு கேட்டாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.

ஊட்டுக்குப் போவல. அங்கிருந்தே ரெண்டு பஸ்ஸு மாறி மேச்சேரிக்குப் போனேன். அதுக்குப் பக்கத்துலதான் எங்கம்மா ஊடு. அம்மா பட்டியில ஆட்டுக்குத் தழை கட்டிட்டு இருந்துச்சு. என்னையப் பாத்ததும் மொகமெல்லாம் சிரிப்பு.

"வா சாமி. சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற? சாப்பிட்டயா?"

"வளையம் எங்கம்மா?"

அது கையில இருந்த தழை அப்படியே நின்னுச்சு. கேள்வி புரியாத மாதிரிகூட அது நடிக்கல. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"ஆரு சொன்னா?"

"நீ சொல்லு."

ஆட்டுக்கு முதுகக் காட்டிட்டுக் கீழ உக்காந்துச்சு. "உன்னைப் பேசி முடிச்சப்பவே அதுதான் பேச்சு சாமி. பவுனு கேக்கல, பாத்திரங்கூடக் கேக்கல. கட்டுன சேலையோட அனுப்புங்கன்னாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. மொதப் புள்ள பையனோ பொண்ணோ, அதோட நிறுத்திக்கோணும்னு. நான் சரின்னேன்."

"நான் எங்கிருந்தேன் அப்ப?"

"நீ உள்ள டீ ஆத்திட்டு இருந்த."

எனக்கு அந்த நாளு நல்லா நெனப்பு இருக்குது. பத்தொம்பது வயசு. அவருக்கு முப்பத்தி மூணு. ஏழு வருசமாப் பொண்ணுத் தேடி அலைஞ்சு, அவிங்க சொந்தபந்தத்துல ஒரு பொண்ணும் கெடைக்காம, புரோக்கரு எங்கூட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. வெளிய சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. எல்லாருக்கும் புடிச்சுப் போச்சாட்ட இருக்குதுன்னு நான் சந்தோசமா டம்ளர் கழுவிட்டு இருந்தேன். நான் பெக்காத புள்ளைய வெளிய பேசி முடிச்சுட்டு இருந்திருக்காங்க.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லம்மா."

"சொன்னா நீ மாட்டேம்ப. நாலு பெத்துக்குவேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவ நீ. நல்ல எடம், தோட்டம் காடு இருக்குது, உட்டுரக் கூடாதுன்னு நெனச்சேன்."

"வளையம்னு எதுக்குச் சொன்ன?"

"வயித்துல தையலோட படுத்திருந்த. அழுதீன்னா தையலு பிரிஞ்சிரும்னு பயந்துட்டேன். அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்பறம்..." மூக்கச் சிந்திட்டுச் சொல்லுச்சு. "நான் மூணு பெத்து மூணையும் மில்லுக்கு அனுப்புனவ. நீ ஒண்ணப் பெத்து நல்லாப் படிக்க வெச்சுக்குவேன்னு நெனச்சேன். இப்படி ஆவும்னு ஆரு கண்டா?"

அதுக்கும் அழுகை. நானும் அழுதேன். ஆனா பக்கத்துல போயி உக்காரல. அது எந்திரிச்சுச் சோறு போட்டு எடுத்தாந்துச்சு. திங்காம வந்துட்டேன். எங்கம்மா கையால போட்ட சோத்த வேண்டாம்னு வெச்சது அன்னைக்குத்தான் மொதத் தடவ.

ஊட்டுக்கு வரப்பப் பொழுது எறங்கிப் போச்சு. எங்கூட்டுக்காரரு கட்டல்ல உக்காந்திருந்தாரு. பையன் போனதுக்கப்பறம் அவரு ரிக்குக்குப் போவல. பைலத் தூக்கி அவரு மடியில போட்டேன்.

"பாக்கலாம் பாக்கலாம்னீங்களே, என்னத்தப் பாக்கறதுக்குங்க?"

அவரு நிமிந்து பாக்கல. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"ரெண்டு வருசமாவா தெரியல?"

சத்தங்கேட்டு மாமனாரும் மாமியாரும் வந்துட்டாங்க. மாமனாரு தொண்டையச் செருமிட்டு ஆரம்பிச்சாரு. அந்தக் கதை எனக்குத் தெரியாததில்ல. அவிங்க அண்ணந்தம்பி ரெண்டு பேரு. வெள்ளாமக் காட்ட ரெண்டாப் பிரிச்சாங்க, கெணத்தப் பிரிக்க முடியல. தண்ணி மொறைக்கு அடிதடியாகி, நடுவுல முள்ளுவேலி போட்டு, இருவது வருசமாப் பேச்சு இல்ல. தம்பி செத்தப்பக்கூட இவரு வேலியத் தாண்டாம இக்கட்டயே நின்னுதான் பாத்தாரு.

"ரெண்டு இருந்தா வேலிதான் அம்மிணி. ஒண்ணுன்னா அத்தனையும் அவனுக்கு. நல்லதுக்குத்தான் பண்ணுனோம்."

"என்ற வயித்துல பண்ணறத எங்கிட்டச் சொல்ல மாட்டீங்களா மாமா?"

மாமியாரு குறுக்க வந்தாங்க. "எங்களையெல்லாம் ஆரு கேட்டா? எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைய வயித்துலயே கலைச்சாங்க. வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போவாங்க, கூட்டிட்டு வருவாங்க. இந்த ஊட்டுல ஆருக்காச்சும் அது தெரியுமா? இதா நிக்கறாரே, இவரு மறந்தே போயிட்டாரு."

மாமனாரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. எங்கூட்டுக்காரருக்கே அது புதுசு. அவிங்கம்மாவ ஆன்னு பாத்தாரு.

இந்த வளவுல இத்தன பேருக்குப் பொண்ணு கெடைக்காம ஏன் என்னையத் தேடி மேச்சேரிக்கு வந்தாங்கன்னு அந்த நேரத்துல எனக்கு வெளங்குச்சு. பொறக்க வேண்டியதுகள வயித்துலயே நிறுத்திப்போட்டு, பொண்ணு இல்லைன்னு அலைஞ்சிருக்காங்க. கெடைச்சவளையும் ஒண்ணோட நிறுத்துன்னு கட்டிப்போட்டாங்க. கொழந்தை ஏன் கொறஞ்சுதுன்னு டீச்சர் கேப்பாங்களே, அவங்கள இங்க கூட்டியாந்து உக்கார வெச்சிருக்கோணும்.

ஒரு பதினஞ்சு நாளு ஆக்கி வெப்பேன், அவிங்க போட்டுத் திம்பாங்க.

அப்பறம் ஒரு நாளு மாமியாரு எங்கிட்டக்க வந்து உக்காந்தாங்க. குரலு வேற மாதிரி இருந்துச்சு. "சாமி, வெட்டுன கொழாய இப்பெல்லாம் திரும்ப ஒட்டறாங்களாமே. பெங்களூருல இருக்கற பக்கத்தூட்டுக்காரி மக போன்ல சொன்னா."

நான் வெங்காயத்த உரிச்சுக்கிட்டே இருந்தேன்.

"காடு வேலிக்கு அக்கட்ட இருக்கற கொழுந்தனாரு ஊட்டுப் பேரங்களுக்குப் போயிரும் சாமி. உங்க மாமா அதையே நெனச்சு நெனச்சுத் தூங்கறதில்ல."

ஒண்ணு போதும்னு சொன்ன அதே ஊடு. அதே காடு. அன்னைக்குக் காட்டுக்காக மூடுனாங்க, இப்பக் காட்டுக்காகத் தொறக்கச் சொல்றாங்க. எட்டி அறையலாமான்னு இருந்துச்சு. அதவிடக் கேவலம் என்னன்னா, அவங்க சொன்னதக் கேட்டதும் என்ற நெஞ்சு சந்தோசத்துல படபடன்னு அடிச்சுது. எனக்கும் அதுதான் வேணும். அவிங்ககிட்ட இருந்துதான் அது வரோணும். அத என்னால தாங்கவே முடியல.

கார் புடிச்சு ஈரோட்டுக்குப் போனோம். மாமனாரு முன்னாடி. பின்னாடி நான், அவரு, மாமியாரு. மாமியாரு போன் பண்ணி வரச் சொல்லி, பஸ்ஸுல வந்த எங்கம்மாவும் வழியில ஏறிக்கிச்சு. நான் அது பக்கம் திரும்பல. டாக்டரம்மா ரூமுக்குள்ள எல்லாரும் ஒட்டுக்காப் போயி நின்னோம். மாமியாரே எல்லாத்தையும் சொன்னாங்க. டாக்டரம்மா பைலப் பாத்துட்டு, என்னையப் பாத்துட்டு, "எல்லாரும் சித்த வெளிய இருங்க"ன்னாங்க.

"நாங்க பெரியவிங்க இருக்கறோம், எங்ககிட்டயே..." மாமனாரு ஆரம்பிச்சாரு.

"பெரியவரே, உங்களுக்கு ஆபரேசன் இல்ல. வெளிய இருங்க."

கதவு சாத்துனதுக்கப்பறம் கேட்டாங்க. "அன்னைக்கு உனக்குத் தெரிஞ்சுதான் பண்ணாங்களா?"

"இல்லைங்க."

"சரி. இப்ப உனக்கு வேணுமா? அவங்களுக்கு வேணுமான்னு நான் கேக்கல."

பேசி முடிச்ச நாள்ல இருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட அதக் கேக்கல. "வேணுங்க"ன்னேன். ரெண்டு மூணு தடவ சொன்னேன்னு நெனக்கறேன்.

எனக்கு இருவத்தாறுதான், வயசு இருக்குது, கட்டாயம் நிக்கும்னு சொல்ல முடியாது, ஆனா பாக்கலாம்னாங்க. அவங்க சொன்ன பாக்கலாம் வேற மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒரு மாசத்துக்குச் சத்து மாத்தர எழுதிக் குடுத்தாங்க, கொழந்தை நிக்கறதுக்கு முன்னாடியே போடோணுமாம். ஊட்டுக்காரருக்கு ஒரு டெஸ்ட்டு எழுதுனாங்க. அது வந்ததுக்கப்பறந்தான் ஆபரேசனுக்கு நாளு குறிக்க முடியும்னாங்க. அந்தச் சீட்ட அவரு வாங்கி நாலா மடிச்சுச் சட்டப் பையில வெச்சாரு.

ஒரு வாரமாச்சு. "போலாமுங்களா?"ன்னேன். "நாளைக்கு"ன்னாரு. ரெண்டாவது வாரம், ரிக் முதலாளியப் பாக்கப் போறேன்னாரு. நான் காத்தால வெறும் வயித்துல மாத்தர முழுங்கிட்டு இருந்தேன். ஆம்பளைக்குக் கூச்சமா இருக்கும், அவசரப்படுத்தக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மூணாவது வாரம் மறுபடியும் ரிக்குக்குப் போறதுக்குப் பைய எடுத்து வெச்சுட்டு இருந்தாரு. கேட்டுட்டேன்.

"அப்ப டெஸ்ட்டு?"

துணிய மடிச்சுக்கிட்டே சொன்னாரு. "எனக்கு வேண்டாம் அம்மிணி."

"டெஸ்ட்டா?"

"கொழந்தை."

நான் போயி ரூம் கதவச் சாத்துனேன்.

"நான் அவன நெசமாப் பாத்தது கூட்டிப் பாத்தா ஒரு வருசங்கூட இருக்காது. மீதியெல்லாம் போன்லதான். ஊருக்கு வந்தா மொத ரெண்டு நாளு எங்கிட்டக்கவே வரமாட்டான், உனக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவான். கடைசியாவும் பாக்கல. இன்னொண்ணப் பெத்து அதையும் போன்ல பாக்கறதா? என்னால ஆவாது." அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு.

சத்தியமாச் சொல்றேன், அப்ப எனக்கு அவரு மேல பாவமாத்தான் இருந்துச்சு. தோளத் தொடலாம்னு கைகூடத் தூக்குனேன்.

"இத எப்பங்க முடிவு பண்ணுனீங்க?"

"டாக்டரு ரூமுக்கு வெளிய நிக்கறப்பவே."

தூக்குன கைய எறக்கிட்டேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"அம்மா அப்பன் முன்னாடி எப்படிச் சொல்றது? நீயும் ஆசையா இருந்த. மெல்லச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மெல்லச் சொல்லிக்கலாம். எங்கம்மா சொன்னதும் அதேதான். என்ற வயித்தப் பத்தின எல்லா விசயமும் எனக்குக் கடைசியாத்தான் வருது. அவருக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றதுக்கு அவருக்கு உரிமை இருக்குதுங்க, நான் இல்லைங்கல. மூணு வாரம் என்னைய மாத்தர முழுங்க உட்டுட்டு வேடிக்க பாத்தாரே, அதத்தான் என்னால முழுங்க முடியல.

மறுநாளு காத்தால அவரு பைய வாசல்ல வெச்சுட்டுச் செருப்புப் போட்டுக்கிட்டு இருந்தாரு. லாரி மெயின் ரோட்டுல நிக்குது, டிரைவரு போன் மேல போன் அடிக்கறாரு. நான் சொம்புல தண்ணியும் மாத்தர அட்டையும் எடுத்தாந்து அவரு முன்னாடியே ஒண்ணப் பிச்சு வாயில போட்டு முழுங்குனேன். அட்டையில இன்னும் ஒம்போது இருந்துச்சு.

"அதான் சொல்லிட்டேனே. இன்னும் எதுக்கு அது?"ன்னாரு.

அட்டை தீந்ததும் நான் மட்டும் ஈரோட்டுக்குப் போயி, இவரு இல்லாம எனக்கொரு கொழந்தைக்கு வழி உண்டான்னு டாக்டரம்மாகிட்டக் கேக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். அத அவருகிட்டச் சொல்லல, மெல்லச் சொல்லிக்கலாம்.